எண்ணெய்: மூலத்தால் ஒரு பெயர், பயனால் ஒரு வரி

2024 டிசம்பர் 18 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு விந்தையான வினாவுக்கு விடையளித்தது. சிறிய புட்டியில் விற்கப்படும் தூய தேங்காய் எண்ணெய் உணவுப்பொருளா, கூந்தல் ஒப்பனைப்பொருளா என்பதே அவ்வினா. சேலம் மத்திய கலால் ஆணையருக்கும் மதன் ஆக்ரோ இண்டஸ்ட்ரீஸ் என்னும் நிறுவனத்திற்கும் இடையே நிகழ்ந்த வழக்கு அது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட மாரிக்கோ நிறுவனத்தின் ‘பாராசூட்’ எண்ணெய்மீது விதிக்கத்தக்க வரியும் இதே வினாவைச் சார்ந்திருந்தது. வரிச்சட்டம் இவ்வினாவைச் சில பத்தாண்டுகளாகவே கேட்டுவருகிறது. தமிழ்மொழியோ ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக இதைக் கேளாமலே எண்ணெயை அடுக்களையிலும் கூந்தலிலும் ஒருசேரப் புழங்கிவந்துள்ளது. இவ்விரண்டு அணுகுமுறைகளும் எங்கே பிரிகின்றன என்பதை ‘எண்ணெய்’ என்னும் சொல்லின் வரலாறே காட்டுகிறது.

‘எள்’, ‘நெய்’ என்னும் இரு சொற்கள் புணர்ந்து ‘எண்ணெய்’ ஆயிற்று. ‘நெய்’ என்பது தொடக்கத்தில் பாலிலிருந்து பெறுவதை மட்டும் குறிக்கவில்லை. பிசுபிசுப்புள்ள கொழுப்புப் பொருள்கள் பலவற்றுக்கும் அது பொதுப்பெயராக வழங்கியது. எள்ளின் நெய்யே பெருவழக்காக இருந்தமையால், ‘எண்ணெய்’ என்ற சிறப்புப்பெயர் காலப்போக்கில் பொதுப்பெயராக விரிந்தது. பின்னர்த் தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் என்றெல்லாம் சொல்ல நேர்ந்தது. எள்ளுக்குச் சற்றும் தொடர்பில்லாத ‘மண்ணெண்ணெய்’ வரை இவ்விரிவு நீண்டது. தன் பெயரை எல்லாவற்றுக்கும் ஈந்துவிட்ட எள் நெய்யோ, தன்னை வேறுபடுத்திக் காட்ட ‘நல்லெண்ணெய்’ என்ற புதுப்பெயரை ஏற்றது.

இப்பொருள்விரிவு தமிழுக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கின் ‘நூனெ’யும் எள்ளைக் குறிக்கும் ‘நுவ்வு’ என்பதோடு ‘நெய்’ சேர்ந்து உருவானதே. சமஸ்கிருதத்தின் ‘தைலம்’, எள்ளைக் குறிக்கும் ‘தில’ என்னும் சொல்லடியாகப் பிறந்தது. இந்தி, மராத்தி மொழிகளின் ‘தேல்’ அதன் வழிவந்தது. ஐரோப்பாவிலும் இதே நிகழ்வுதான். அங்கே ஆலிவ் கனியின் நெய்க்குரிய கிரேக்கச் சொல் இலத்தீன் வழியாக ஆங்கிலத்தின் ‘ஆயில்’ ஆயிற்று. ஒவ்வொரு நிலமும் தன் முதன்மை வித்தைக் கொண்டே எண்ணெய் என்னும் கருத்தாக்கத்திற்குப் பெயரிட்டிருக்கிறது.

இப்பெயர்கள் யாவும் எண்ணெயை அதன் மூலத்தால் சுட்டுகின்றன. பயனால் சுட்டுவன அல்ல. பயனால் பெயர்பெற்ற எண்ணெய்கள் சில உண்டு. ஆமணக்கு நெய்யைத் தமிழர் ‘விளக்கெண்ணெய்’ என்கின்றனர். தேங்காய் எண்ணெயை மலையாளிகள் ‘வெளிச்செண்ண’ என்கின்றனர். அச்சொல்லுள்ளும் விளக்கின் ஒளியே ஒளிந்திருக்கிறது. ஆயினும் விளக்கெண்ணெயைத் தலையில் தேய்ப்போரும் குழந்தைக்கு மருந்தாகப் புகட்டியோரும், வெளிச்செண்ணயில் தாளித்து உண்போரும், பெயருக்கு மாறாக நடப்பதாக ஒருபோதும் எண்ணியதில்லை. பெயர் பயனைச் சுட்டியபோதும் பயனுக்கு வேலி இடவில்லை.

கூந்தலில் எண்ணெய் இடும் வழக்கத்திற்கு இலக்கியச் சான்றுகள் தெளிவாக உள்ளன. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய புறநானூற்றின் 279ஆம் பாடலில், மறக்குடித் தாய் ஒருத்தி தன் ஒரே மகனைப் போருக்கு அனுப்புகிறாள். கலைந்து பறக்கும் அவன் குடுமியில் அவள் தடவுவது எண்ணெய். அச்சொல் அதே வடிவில் அப்பாடலில் ஆளப்பட்டுள்ளது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையோ செல்வ மனையின் நீராடலை விவரிக்கிறது. பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஆகியவை ஊறிய நீரில் மாதவி தன் நெய்பூசிய கூந்தலைக் கழுவுகிறாள். பின்னர் நறும்புகையில் உலர்த்துகிறாள். ஒன்று வறிய நிலத்துத் தாயின் கையளவு எண்ணெய்; மற்றொன்று கணிகையர் மனையின் பெருஞ்செலவு. அடிப்படைச் செயல்முறை இரண்டிலும் ஒன்றே.

எவ்வகைக் கூந்தல் அழகெனக் கருதப்பட்டது என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. நீர் வடிந்த ஆற்றுப்படுகையில் வரிவரியாகப் படியும் கருமணலுக்கு ‘அறல்’ என்று பெயர். சங்கப் புலவர்கள் கூந்தலுக்கு மீண்டும் மீண்டும் எடுத்தாளும் உவமைகளுள் அது ஒன்று. ஆகவே அலைபடிந்த கூந்தல் அன்று குறையாக எண்ணப்படவில்லை, போற்றப்பட்டது. ‘சுருள்’ என்பதும் அழகுச்சொல்லே. ஆனால் அதே முடி எண்ணெய் காணாது விரிந்து நின்றால் ‘பரட்டை’ என்னும் இகழ்ச்சொல் வந்து சேர்கிறது. நிறம் வெளிறினால் ‘செம்பட்டை’ ஆகிறது. சுருளுக்கும் பரட்டைக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் முடியின் பிறவி இயல்பில் இல்லை. எண்ணெய் வாங்கும் வசதியிலும், அதைத் தேய்த்துவிட ஒரு கை இருப்பதிலும் உள்ளது. எண்ணெய் படாத தலை வறுமைக்கும் துக்கத்திற்கும் அடையாளமாகத் தமிழ் வழக்கில் நிலைத்தது இதனாலேயே.

சுருள்முடிக்கு எண்ணெய் கூடுதலாகத் தேவைப்படுவதற்கு உடலியல் காரணமும் உண்டு. நேரான முடியின் குறுக்குவெட்டு ஏறத்தாழ வட்டமாகவும், சுருள்முடியினுடையது நீள்வட்டமாகவும் இருக்கும். தலைத்தோல் சுரக்கும் இயற்கை நெய் நேரான முடியில் எளிதில் வழிந்து நுனிவரை செல்லும். சுருளின் வளைவுகளில் அது தேங்கிவிடும். எனவே நீண்ட சுருள்முடியின் கீழ்ப்பகுதி விரைவில் வறள்கிறது. வறண்ட முடி காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, இழைக்கு இழை வெவ்வேறு திசையில் எழும்பி நிற்கிறது. மும்பை போன்ற கடலோர நகரின் மழைக்காலத்தில் இவ்வேதனை மிகுதி.

அந்நகரில் பல எண்ணெய் மரபுகள் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றன. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் முதல் புறநகரான அம்பர்நாத் வரை பரவிய தமிழ்க்குடும்பங்களின் நல்லெண்ணெயும் சீயக்காயும் ஒருபுறம்; கொப்பரையைக் குறிக்கும் ‘கோப்ரே’ என்னும் சொல்லடியாகப் பிறந்த மராத்தியரின் ‘கோப்ரேல்’ மறுபுறம். நரக சதுர்த்தசி அன்று விடியுமுன் எண்ணெய் தேய்த்து நீராடுவது இரு சமூகத்தாருக்கும் பொது. தமிழர் சீயக்காயையும் அரப்பையும் கொண்டு எண்ணெய்ப்பிசுக்கை நீக்குவர். மராத்தியர் ‘உடணே’ என்னும் நறுமணப்பொடியைப் பூசி ‘அப்யங்க ஸ்நானம்’ செய்வர்.

மும்பைத் தெருக்களில் தலைபிடித்துவிடுவோரின் ‘சம்பி’ என்னும் சொல்லுக்கும் தனி வரலாறு உண்டு. அழுத்திப் பிடித்தல் என்னும் பொருளுடைய இந்தி வினையிலிருந்து ஆங்கிலத்தின் ‘ஷாம்பூ’ பிறந்தது. பாட்னாவில் 1759இல் பிறந்த ஷேக் தீன் முகமது இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடத்திய நீராவிக் குளியலகத்தால் அச்சொல் அங்கே புகழ்பெற்றது. அப்போது அதன் பொருள் உடல்பிடித்துவிடுதல். தலைகழுவுதல் என்ற பொருள் பின்னர் ஏறியது. தேய்த்தலைக் குறித்த சொல், எண்ணெயை அகற்றும் நுரைப்பொருளின் பெயராக மாறி இந்தியாவுக்குத் திரும்பியது.

எண்ணெய் வணிகப்பொருளாக மாறிய வரலாற்றிலும் மும்பைக்கு முதன்மையான இடம் உண்டு. பம்பாய் ஆயில் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் 1980களில் பாராசூட்டைத் தகர டின்னிலிருந்து பிளாஸ்டிக் புட்டிக்கு மாற்றியது. அதன் நுகர்பொருள் பிரிவு 1990இல் மாரிக்கோ என்ற பெயரில் தனித்து இயங்கத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் ஆய்வாளர்களான ஆர்த்தி ரேலே, ஆர். பி. மொஹிலே ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு உலக அளவில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் அவர்கள் ஒப்பிட்டனர். கழுவும்போதும் சீவும்போதும் முடி இழக்கும் புரதத்தைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். சிறிய, நேரான சங்கிலியமைப்புக் கொண்ட அது முடியின் தண்டுக்குள் ஊடுருவுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். விற்பவரே செய்த ஆய்வு என்பதை மனத்திற்கொண்டே இதைப் படிக்க வேண்டும். எனினும் 2001இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகர ஆய்வு நிறுவனம் ஒன்றோடு இணைந்து செய்த ஆய்வும் இவ்வூடுருவலைக் காட்டியது. தலைகழுவுமுன் எண்ணெய் தேய்க்கும் பழவழக்கத்துக்கு இவை வேதியியல் அடிப்படை ஒன்றைத் தந்தன.

இனி வழக்குக்கு வருவோம். வரிப்பட்டியலில் தேங்காய் எண்ணெய்க்குரிய தலைப்பு எண் 1513. கூந்தல் பொருள்களுக்குரியது 3305. முன்னதற்கு வரி குறைவு, பின்னதற்கு மிகுதி. புட்டியின் உள்ளே இருப்பதோ ஒரே பொருள். எனவே அளவைக் கொண்டு பிரிக்கும் முயற்சி எழுந்தது. 200 மில்லிலிட்டர் வரையுள்ள சிப்பங்களைக் கூந்தல் எண்ணெயாகக் கருதலாம் என்று 2009 ஜூனில் சுற்றறிக்கை வெளியாயிற்று. 2015இல் அது திரும்பப் பெறப்பட்டது. 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினர். நீதிபதி ரஞ்சன் கோகோய் அதை உணவு எண்ணெய் என்றார், நீதிபதி ஆர். பானுமதி சிறு சிப்பத்தைக் கூந்தல் எண்ணெய் என்றார். இறுதியில் தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னா, நீதிபதிகள் சஞ்சய் குமார், ஆர். மகாதேவன் ஆகிய மூவர் அமர்வு வழக்கை முடித்துவைத்தது. சிறிய சிப்பம் இருவகை எண்ணெய்க்கும் பொதுவானது. கூந்தலுக்குரியது என்று சிப்பத்தில் குறித்து விற்றாலன்றி அது உணவு எண்ணெயே என்பது தீர்ப்பின் சாரம்.

இவ்வழக்கில் பணயமாக இருந்தது நிறுவனங்களின் வரிச்சுமை மட்டுமன்று. சிறிய புட்டியை வாங்குவோர் யார்? மாதச் சரக்கை மொத்தமாக வாங்க இயலாத கூலித்தொழிலாளர் குடும்பங்களுக்குச் சிறுசிப்பமே கைக்கெட்டும் அளவு. தாராவியின் மளிகைக்கடையில் வாங்கும் ஒரே சிறுபுட்டி தாளிக்கவும் பயன்படும், பள்ளிக்குச் செல்லும் மகளின் சடையைப் பின்னவும் பயன்படும். அளவைக் கொண்டு ஒப்பனைப்பொருள் என முத்திரையிட்டால், லிட்டர் கணக்கில் வாங்குவோர் குறைந்த வரியும் மில்லிலிட்டரில் வாங்குவோர் மிகுந்த வரியும் செலுத்த நேரும். சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் இவ்வேறுபாடு 5 விழுக்காட்டுக்கும் 18 விழுக்காட்டுக்கும் இடைப்பட்டதாக இருந்தது.

2025 செப்டம்பர் 22 முதல் கூந்தல் எண்ணெயின் வரியும் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பணத்தளவில் பூசலின் கூர்மை மழுங்கிவிட்டது. பகுப்புச் சிக்கல் அப்படியே இருக்கிறது. தலைப்பு எண்கள் இன்னும் இரண்டுதான். எண்ணெயை வித்தால் அறிவதா, பயனால் அறிவதா என்பதில் தமிழ்ச்சொல் மூலத்தைப் பற்றி நிற்கிறது. பயனை வாங்குபவரிடமே விட்டுவிடுகிறது. நீதிமன்றமும் ஓரளவு அவ்விடத்திற்கே வந்து சேர்ந்துள்ளது. உற்பத்தியாளர் எழுதிய சீட்டைப் பார்க்கலாம், வாங்கியவர் வீட்டில் என்ன செய்வார் என்பதைப் புட்டியின் அளவால் ஊகிக்கலாகாது என்பதே அத்தீர்ப்பு உணர்த்துவது. ஒக்கூர் மாசாத்தியார் காட்டிய தாயின் கையிலிருந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று பாடல் சொல்லவில்லை. அடுக்களைக் கலயத்திலிருந்து அதை எடுத்திருந்தாலும் அவளுக்கு அது எண்ணெயே.