சிறிய பிஸ்டன், பெரிய வெற்றி

மோட்டார் சைக்கிள்களைப் பற்றிப் பேசும்போது 100 சி.சி., 350 சி.சி. என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எஞ்சினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் இடத்தின் கன அளவுதான் அது. ஒரே கன அளவுள்ள இரண்டு எஞ்சின்களில் ஒன்று மற்றதைப்போல மூன்று மடங்கு திறன் தர முடியுமா? 1954-ஆம் ஆண்டு ஒரு ஜப்பானியரின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி இது.

அவர் பெயர் சொயிச்சிரோ ஹோண்டா. ஒரு கொல்லரின் மகன். 1948-இல் அவர் தொடங்கிய கம்பெனி, 1954-இல் கடும் பண நெருக்கடியில் இருந்தது. அந்த நேரத்தில்தான், "ஐல் ஆஃப் மான் டி.டி. பந்தயத்தில் கலந்துகொள்வோம்" என்று தம் தொழிலாளர்களுக்கு அவர் அறிக்கை விடுத்தார். ஐல் ஆஃப் மான் என்பது இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ள சிறு தீவு. அங்கே பந்தயம் தனி மைதானத்தில் நடப்பதில்லை. ஊர்த் தெருக்களிலும் மலைச் சாலைகளிலும் நடக்கும். உலகத்தின் மிகக் கடினமான பந்தயங்களுள் ஒன்று அது.

அதே ஆண்டு ஹோண்டா அந்தத் தீவுக்குப் போய்ப் பார்த்தார். தம் எஞ்சின்களின் கன அளவே கொண்ட ஐரோப்பிய எஞ்சின்கள் ஏறத்தாழ மூன்று மடங்கு திறன் தருவதைக் கண்டு திகைத்தார். ஆனால் மனம் தளரவில்லை. சங்கிலி, டயர், கார்புரேட்டர் என்று பந்தய உதிரிப் பாகங்களை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

எங்கே ஒளிந்திருக்கிறது திறன்?

எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து எரிகின்றன. ஒரு நொடியில் எவ்வளவு கலவையை எரிக்கிறோமோ, அதற்கேற்பத்தான் திறன் கிடைக்கும். பந்தய விதிப்படி சிலிண்டரின் கன அளவைக் கூட்ட முடியாது. ஆகவே ஒரே நொடியில் அதிகத் தடவை எரிய வைக்கவேண்டும். அதாவது எஞ்சினை வேகமாகச் சுழற்றவேண்டும்.

இங்கேதான் சிக்கல். பிஸ்டன் ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை நின்று, திசை மாறி, மறுபடி புறப்படுகிறது. சுழற்சி வேகம் இரண்டு மடங்கானால், அதைத் தாங்கும் தண்டின் மீது விழும் விசை நான்கு மடங்காகும். கனமான பிஸ்டனாக இருந்தால் தண்டு முறிந்துவிடும். வால்வுகளுக்கும் இதே தொல்லைதான். கனமான வால்வு உரிய நேரத்தில் மூடிக்கொள்ளாது.

இதற்கு என்ன வழி? ஒரு பெரிய சிலிண்டரைப் பல சிறு சிலிண்டர்களாகப் பிரித்துவிடுவதே வழி! சிறிய பிஸ்டன் எடை குறைந்தது. அது ஓடவேண்டிய தூரமும் குறைவு. இரண்டு பெரிய வால்வுகளுக்குப் பதில் நான்கு சிறிய வால்வுகளை வைத்தால், அவையும் தாளம் தவறாமல் திறந்து மூடும்.

தீவில் கிடைத்த மதிப்பெண்

1959-இல் ஹோண்டா குழு 125 சி.சி. வண்டிகளுடன் தீவுக்கு வந்தது. பந்தயத்தில் நவோமி தனிகுச்சி ஆறாவதாக வந்தார். குழுவுக்கான பரிசையும் ஹோண்டா பெற்றது. இரண்டே ஆண்டுகளில், 1961-இல், 125 சி.சி., 250 சி.சி. ஆகிய இரு பிரிவுகளிலும் முதல் ஐந்து இடங்களையும் ஹோண்டா வண்டிகளே பிடித்தன. இரண்டிலும் முதலில் வந்தவர் மைக் ஹெயில்வுட் என்ற ஆங்கிலேயர்.

போட்டிக்கு வந்த சுசுகியும் யமஹாவும் வேறு வழியை நாடின. ஹோண்டாவின் நான்கு-வீச்சு எஞ்சினில் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறைதான் எரிதல் நடக்கும். இரு-வீச்சு எஞ்சினிலோ ஒவ்வொரு சுழற்சியிலும் நடக்கும். 1961-இல் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். குழுவிலிருந்து தப்பிவந்த எர்ன்ஸ்ட் டெக்னர் என்ற வீரர், அந்நாட்டின் இரு-வீச்சு நுட்பத்தைச் சுசுகிக்குக் கொண்டுவந்தார். 1962-இல் 50 சி.சி. உலகப் பட்டம் அவருக்கும் சுசுகிக்கும் கிடைத்தது. 1964-இல் 250 சி.சி. பட்டத்தை யமஹாவில் ஓடி ஃபில் ரீட் வென்றார்.

ஹோண்டாவின் மறுமொழி ஆறு சிலிண்டர் கொண்ட 250 சி.சி. எஞ்சின்! ஒரு சிலிண்டருக்குச் சுமார் 41 சி.சி. மட்டுமே, மொத்தம் 24 வால்வுகள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 18,000 சுழற்சிகள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 300 சுழற்சிகள். ஒவ்வொரு சிலிண்டரிலும் 150 எரிதல்கள். ஆறிலும் சேர்த்து நொடிக்கு 900! 1966, 1967 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஹெயில்வுட் இந்த வண்டியில் உலகப் பட்டம் வென்றார். 1966-இல் 50 முதல் 500 சி.சி. வரை ஐந்து பிரிவுகளிலும் தயாரிப்பாளர் பட்டம் ஹோண்டாவுக்கே கிடைத்தது.

இந்த வெற்றிகளுக்குக் கொடுத்த விலையையும் நாம் மறக்கக்கூடாது. 1961-இல் ஹோண்டாவுக்கு முதல் உலகப் பந்தய வெற்றியைத் தேடித்தந்த டாம் ஃபில்லிஸ், மறு ஆண்டே அந்தத் தீவில் விபத்தில் இறந்தார். ஆபத்தைக் காரணம் காட்டிப் பல வீரர்கள் அங்கே ஓட மறுத்தனர். 1976-க்குப் பிறகு அந்தத் தீவின் பந்தயம் உலகப் பட்டப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது.

பந்தயத்திலிருந்து தெருவுக்கு

1967-உடன் ஹோண்டா உலகப் பந்தயங்களிலிருந்து விலகியது. ஆனால் கற்ற பாடம் வீணாகவில்லை. 1969-இல் சி.பி. 750 என்ற வண்டி விற்பனைக்கு வந்தது. நான்கு சிலிண்டர்கள், 736 சி.சி., 67 குதிரைத் திறன். அதோடு மின்சார ஸ்டார்ட்டர். முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். வேகம் இரண்டு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. நிறுத்தும்போது அவ்வளவும் வெப்பமாக வேண்டும். மூடிய டிரம் பிரேக்கில் வெப்பம் தேங்கிப் பிடிப்புக் குறைகிறது. திறந்திருக்கும் தட்டையோ காற்று விரைவில் குளிர்விக்கிறது. 1970-இல் அமெரிக்காவின் டேடோனா பந்தயத்தில் டிக் மான் இவ்வகை வண்டியில் வென்றார். ஹோண்டா அனுப்பிய மற்ற வண்டிகளோ பந்தயத்தை முடிக்கவில்லை!

750 சி.சி. எஞ்சினை வடிவமைத்துக்கொண்டிருந்த கவாசாகி, ஹோண்டா முந்திக்கொண்டதைக் கண்டு திட்டத்தை மாற்றியது. 1972-இல் 903 சி.சி., 82 குதிரைத் திறனுடன் இசட்-1 வண்டியைக் கொண்டுவந்தது. 'சூப்பர் பைக்' என்று உலகம் போற்றிய ஜப்பானிய வண்டிகளின் வரிசை இப்படித்தான் வளர்ந்தது. இன்று அவற்றைப் பழம்பொருள் சேகரிப்போர் தேடித்தேடி வாங்குகிறார்கள்.

ஹோண்டாவின் கேள்விக்கு விடை கிடைக்க ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அது ஏதோ மாயத்தால் வந்த விடையன்று. எடை, தூரம், நேரம் ஆகிய மூன்றையும் அளந்து அளந்து கண்டது. நான்கு சிலிண்டர்களுள்ள நான்கு-வீச்சு எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 முறை சுழன்றால் நொடிக்கு எத்தனை எரிதல்கள் நடக்கும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.