பாடு யாருக்கு?

கடலை மீனவர்களே காத்தார்கள், இனியும் அவர்களே காப்பார்கள் என்ற பேச்சு இன்று சுற்றுச்சூழல் அரங்குகளில் பலமாகக் கேட்கிறது. இதற்குப் பின்னால் ஒரு விவாதம் உண்டு. 1968இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க அறிவியலாளர், பொதுச்சொத்து என்றாலே பாழாகத்தான் போகும் என்று எழுதினார். மக்கள் கையிலிருந்த காட்டையும் நீரையும் பிடுங்கிக்கொள்ள அரசுகளுக்கும் முதலாளிகளுக்கும் அது நல்ல சாக்காகப் போயிற்று. எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் எழுதிய நூலில் இதை மறுத்தார். மக்கள் தாங்களே கூடி விதி வகுத்துப் பொதுச்சொத்தைக் காத்து வந்திருக்கிறார்கள் என்று பல நாடுகளிலிருந்து சான்று காட்டினார். 2009இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசும் கிடைத்தது. நமக்கும் இதில் மகிழ்ச்சியே. ஆனால் ‘சமூகம்’, ‘ஊர்’ என்று சொல்லும்போது அதற்குள் யார் யார் அடக்கம் என்று கேட்காமல் இந்த வரலாற்றை நாம் படிக்க முடியாது.

சேலம், நாமக்கல் சீமையில் கடல் கிடையாது. நமக்கு மீன் என்றால் மேட்டூர் அணை மீன், ஏரி மீன். ஆனாலும் கடற்கரைக் கதை நமக்கு நன்றாகவே புரியும். ஏரி விஷயத்தில் இதே பேச்சைக் கேட்டுப் பழகியவர்கள் நாம். குடிமராமத்து என்று ஒன்று இருந்தது, ஊரே கூடி ஏரியைத் தூர்வாரியது, வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்பார்கள். ஊரே கூடியது சரி. மண்வெட்டி பிடிச்சது யாரு? கரை உடைகிற மழையில், ராத்திரியில், மடைக்குள் இறங்கியது யாரு? தமிழகத்தின் பல பகுதிகளில் நீர்க்கட்டி என்றும் மடையன் என்றும் அழைக்கப்பட்டு அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் சேரிக்காரர்கள். வெள்ளைக்காரனும் இந்த வழக்கத்தைக் கெடுத்துவிடவில்லை. 1858இல் சென்னை மாகாணத்துக்கென்று ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு அதற்குச் சட்டத்தின் பலத்தைக் கொடுத்தான். சேரிக்கு ஏரியில வேலை உண்டு, ஏரித் தண்ணியில பங்கு இல்ல. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரைத் திரும்ப எடுத்தபோதும் ஆயக்கட்டு நிலம் உள்ளவர்களின் சங்கங்களையே முன்னிறுத்தியது. நிலமில்லாதவர் அந்தக் கணக்கில் எங்கே வருவார்?

இந்தக் கேள்வியோடு பழவேற்காட்டுக்குப் போவோம். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்பங்கழி ஏரி அது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்பகுதி தமிழகத்தில். அங்கே தலைமுறை தலைமுறையாக ‘பாடு’ என்றொரு முறை இருந்து வருகிறது. ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்களைப் பிரித்து, எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் ஒருவனுக்கே நிலைத்துவிடாது. ஒரே நேரத்தில் எல்லோரும் இறங்கி ஏரியை அரித்துவிடவும் முடியாது. சண்டைக்கும் இடமில்லை. கடல்வளப் பாதுகாப்பு பற்றி எழுதுகிறவர்கள் இந்தியாவிலிருந்து உதாரணம் காட்டும்போது பாடு முறையைச் சொல்வது இதனால்தான்.

ஆனால் சீட்டில் யார் பெயர் இருக்கும்? கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சாதியில், தலைக்கட்டாகக் கணக்கிடப்படும் திருமணமான ஆண்களின் பெயர் இருக்கும். அதே ஏரிக்கரையில் பிறந்து அதே ஏரியை நம்பியிருக்கும் தலித்துகளுக்குப் பாடு இல்லை. இருளர் பழங்குடிகளுக்கும் இல்லை. பெண்களுக்கு எங்குமே இல்லை. பாடு இல்லாதவர்கள் மிச்சமுள்ள இடங்களில் சிறிய வலையோடு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இருளர்கள் இடுப்பளவுச் சேற்றுநீரில் தவழ்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடித்துப் பறியில் போடுகிறார்கள். சாரா கூல்தார்டு என்ற ஆய்வாளர் 2008இல் வெளியிட்ட கட்டுரை, பாடு முறையின் சிறப்பையும் அது சாதியின் எல்லைக்குள் நிற்பதையும் சேர்த்தே காட்டியது. இறால் ஏற்றுமதிக்குப் போய் விலை ஏறிய பிறகு இந்த எல்லை இன்னும் கூர்மையாகி, மோதல்களும் வந்தன. அவர்களுக்குப் பாடு என்றால் முறை, பங்கு. நமக்குப் பாடு என்றால் படுகிற பாடு மட்டும்தான்.

இதைச் சொல்வதால் பட்டினவர்களை எதிரியாக நிறுத்துவதாக யாரும் எண்ண வேண்டாம். அவர்களும் ஆதிக்கச் சாதிகளால் தாழ்த்திப் பார்க்கப்பட்டவர்களே. எண்ணூர்ப் பக்கம் வந்த அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் அவர்களுடைய கடலையும் கழியையும்தான் தின்கின்றன. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து அவர்கள் நடத்துகிற போராட்டம் நம் போராட்டமும்கூட. ஆனால் ஊர் என்ற அமைப்பு சாதியின் வடிவில் இருக்கும்வரை, அதன் கையில் போய்ச்சேரும் எந்த நன்மையும் சேரிக்கு வந்துசேராது. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை இதை நிரூபித்தது. நிவாரணப் பட்டியல் பல இடங்களில் மீனவர் பஞ்சாயத்துகளின் வழியாகப் போனது. மீன் சுமந்தும் உப்பளத்தில் உழைத்தும் வயலில் கூலிவேலை செய்தும் கடற்கரையில் பிழைத்த தலித்துகள் ‘மீனவர் இல்லை’ என்று விடுபட்டார்கள். அலை ஆளைப் பார்த்து அடிக்கவில்லை, பட்டியல் ஆளைப் பார்த்துத்தான் எழுதப்பட்டது.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமத்தை அரசியலின் அடிப்படை அலகாக வைக்காமல் தனிமனிதரை வைத்ததை வெளிப்படையாக வரவேற்றுப் பேசினார். கடலுக்கும் அது பொருந்தும்.

வேறு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதன்பின் தீவுகளை ஒட்டிப் பாசி எடுத்துப் பிழைத்த ராமநாதபுரத்துப் பெண்கள் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆனார்கள். மீனவர் பஞ்சாயத்து அவர்களுக்கு விதி வகுத்துத் தரவில்லை. அவர்களே கூடினார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதம் மொத்தம் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுப்பது. இரும்புச் சுரண்டி வேண்டாம், கையால்தான் பறிப்பது. மீன்பிடித் தடைக்காலத்தில் பாசிக்கும் ஓய்வு கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். இந்தப் போராட்டத்தில் முன்நின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டுப் பரிசு கிடைத்தது. இங்கே தண்ணீருக்குள் மூழ்கி உழைக்கிறவர்தான் விதியையும் வகுக்கிறார். பழவேற்காட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இது பழங்கதை என்று ஒதுக்க முடியாது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில், 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைக் காப்பது என்று மாண்ட்ரியாலில் கூடிய உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. இனி வரும் திட்டங்கள் எல்லாம் ‘சமூகப் பங்கேற்பு’ என்ற பெயரோடுதான் வரும். குழு போடுவார்கள், பதிவேடு திறப்பார்கள், நிதி வரும். அந்தப் பதிவேட்டில் படகு உள்ளவர் பெயர் மட்டும்தானா, கூலிக்கு வலை இழுப்பவர் பெயரும் உண்டா? கையால் இறால் பிடிக்கும் இருளர் பெயர் உண்டா? மீன் விற்கும் பெண்ணின் பெயர், அவள் புருஷன் பெயருக்குக் கீழே அல்லாமல், தனியாக உண்டா? நம் ஊரில் ஏரிக் குழு போடும்போதும் இதையேதான் கேட்க வேண்டும்.

மகாத் நகராட்சி 1924இலேயே சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடத் தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் ஏட்டில் கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானவர்களும் நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். வழக்கு இழுத்தடித்து 1937இல்தான் உயர்நீதிமன்றத் தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தது. குழுவும் தீர்மானமும் வந்தாலே போதும் என்று இருந்துவிடக் கூடாது. பெயர்ப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். விடுபட்டவர்களைக் கூட்டிக்கொண்டு போய் உட்காருங்கள்.