உரோமாபுரியும் வழிகாட்டி நூல்களும்

ஒரு நகரத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோர் கல்வெட்டுக்களையும் நாணயங்களையும் அரசாங்கப் பத்திரங்களையும் நாடிச் செல்வர். அந்நகரைக் காணவந்த பிரயாணியின் சட்டைப்பையிற் கிடந்த சிறிய வழிகாட்டி நூலை அவர்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பயணம் முடிந்ததும் எறியப்படும் அந்நூல், கற்றோர் மதிக்கும் நூல்வரிசையில் இடம்பெறுவதும் அரிது. ஆயினும், அத்தகைய நூலொன்றினுள் இரண்டு வரலாறுகள் அடங்கியுள்ளன. ஒன்று, அது விவரிக்கும் நகரின் வரலாறு. மற்றது, அதனை எழுதிய காலத்தின் வரலாறு. முன்னதைக் கூறுமிடத்து அது தவறு செய்தல் கூடும். பின்னதைப் பற்றியோ, தான் அறியாமலே அது மெய்யுரைத்துவிடுகின்றது.

பரிசில் பெற்றான் பெறாதானை ஆற்றுப்படுத்துதல் போல, கண்டார் காணாதாரை வழிப்படுத்தும் நூல்கள் மேனாட்டிலும் தொன்றுதொட்டு உள்ளன. கி. பி. இரண்டாம் நூற்றாண்டிலே பௌசானியஸ் என்னும் கிரேக்கர் கிரேக்க நாட்டின் கோயில்களையும் சிலைகளையும் பத்துப் பகுதிகளில் விவரித்தார். ஆனால், ஒரே நகரைப் பற்றி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இடையறாது வழிகாட்டி நூல்கள் எழுந்த பெருமை உரோமாபுரிக்கே சிறப்பாக உரியது. ஆதலின் அவற்றுட் சிலவற்றை ஈண்டு ஆராய்தல் பொருந்தும்.

சுவிற்சலாந்திலுள்ள ஐன்சீடெல்ன் மடாலயத்தில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஏட்டுப்பிரதி ஒன்று உளது. உரோமாபுரியின் ஒரு வாயிலிலிருந்து புறப்பட்டுச் செல்வோனுக்கு இடப்புறத்தே தோன்றுவன எவை, வலப்புறத்தே தோன்றுவன எவை என்று அது நிரல்படக் கூறுகின்றது. வருணனை இல்லை, கதையும் இல்லை, பெயர்கள் மட்டுமே உள. தேவாலயத்தை அடுத்து அரங்கு, அரங்கை அடுத்து நீராடு மண்டபம், அதனை அடுத்து மீண்டும் தேவாலயம் என அது செல்கின்றது. நகர மதிலின் கோபுரங்களையும் ஞாயில்களையும் எண்ணிக் கூறும் பகுதியும், கல்வெட்டுக்களைப் பெயர்த்தெழுதிய பகுதியும் அவ்வேட்டில் உள்ளன. பேரரசு வீழ்ந்து மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகிய பின்னரும் பழைய கட்டடங்களின் பெயர்கள் மறக்கப்படவில்லை என்பதற்கு இஃது உறுதியான சான்றாகும். பிற்காலத்தில் உடைந்து மறைந்த கல்வெட்டுக்கள் சிலவற்றின் வாசகம் இன்று நமக்குக் கிடைப்பதும் இவ்வேட்டினாலேயாம்.

இதனின் வேறுபட்ட தன்மையது, பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை அடுத்துத் தோன்றிய 'மிராபிலியா' என்னும் இலத்தீன் நூல். 'உரோமாபுரியின் அற்புதங்கள்' என்பது அப்பெயரின் பொருள். புனித பேதுரு தேவாலயத்தைச் சேர்ந்த பெனடிக்ற் என்னும் குருவே இதனை எழுதினார் என்பர். பெயர்கள் எஞ்சியிருந்தும் அவற்றின் பொருள் மறந்துபோன ஒரு காலத்தின் நூல் அது. குவிரினால் குன்றின்மீது குதிரைகளை அடக்கி நிற்கும் இரு ஆடவரின் பெருஞ்சிலைகள் உள்ளன. அவற்றின் பீடங்களிலே பீடியாஸ், பிராக்சிதெலிஸ் என்னும் கிரேக்கச் சிற்பிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அவை சிற்பிகளின் பெயர்கள் என்பதை அறியாத மிராபிலியா, தைபீரியஸ் சக்கரவர்த்தியின் காலத்தில் உரோமாபுரிக்கு வந்த இரு இளந் தத்துவஞானிகளின் பெயர்கள் எனக் கொண்டு ஒரு கதை கூறுகின்றது. பீடியாஸ் கி. மு. ஐந்தாம் நூற்றாண்டினர், பிராக்சிதெலிஸ் நான்காம் நூற்றாண்டினர். சிலைகளோ உரோமப் பேரரசுக் காலத்தவை. எழுத்தை வாசிக்கத் தெரிந்தும் அதன் பின்னணியை அறியாதவிடத்து ஐதிகம் எவ்வாறு பிறக்கின்றது என்பதை இவ்வெடுத்துக்காட்டு நன்கு விளக்கும்.

இத்தகைய பிழைகள் மலிந்த நூலாற் பயன் யாது எனச் சிலர் வினவலாம். அதற்கு விடை காண, அது தோன்றிய காலத்தை நோக்குதல் வேண்டும். 1143ஆம் ஆண்டளவில் உரோமாபுரி மக்கள் பாப்பரசரின் ஆட்சியதிகாரத்தை எதிர்த்துக் கப்பித்தோல் குன்றிலே பழைய செனற் சபையை மீண்டும் நிறுவினர். 1162ஆம் ஆண்டில் அச்சபை, திராயன் தூணுக்குச் சேதம் விளைவிப்போர்க்கு மரணதண்டனை விதிக்கப்படும் எனக் கட்டளை பிறப்பித்தது. பழைய கட்டடங்களை உடைத்துச் சலவைக் கற்களைச் சுண்ணாம்பாக நீற்றிய ஒரு நகரிலே இத்தகைய கட்டளை எழுந்தமை வியப்புக்குரியது. முன்னோரின் பெருமையை மீளவும் உணரத் தலைப்பட்ட மக்களின் உள்ளமே மிராபிலியாவிலும் பேசுகின்றது. அதன் கதைகள் பொய்யாயினும் அவற்றை வேண்டிநின்ற பெருமித உணர்ச்சி மெய்யானதே.

பிழையொன்று ஒரு கலைச்செல்வத்தைக் காத்த வரலாறும் உரோமாபுரிக்கு உண்டு. குதிரைமீது வீற்றிருக்கும் மார்க்கஸ் ஒரேலியஸ் சக்கரவர்த்தியின் வெண்கலச் சிலை இடைக்காலத்தில் லாத்தரன் மாளிகையின் அருகே நின்றது. அதனைக் கிறித்தவ சமயத்தை ஆதரித்த கொன்ஸ்தந்தைன் சக்கரவர்த்தியின் உருவம் என மக்கள் நம்பினர். மிராபிலியா அதனை மறுத்து, முற்றுகையிட்ட மன்னனொருவனைச் சிறைபிடித்த வீரனின் சிலை அஃது எனக் கூறிற்று. அக்கூற்றும் தவறே. 1200ஆம் ஆண்டளவில் உரோமாபுரியைக் கண்ட கிரெகோரியஸ் என்னும் ஆங்கில அறிஞர், யாத்திரிகர் ஒரு பெயரும், நகரமாந்தர் வேறொரு பெயரும், குருமார் பிறிதொரு பெயரும் அதற்கு வழங்கினர் என எழுதியுள்ளார். ஏனைய சக்கரவர்த்திகளின் வெண்கலச் சிலைகள் உருக்கப்பட்டு நாணயங்களாகவும் பாத்திரங்களாகவும் மாறிய காலத்தில், கொன்ஸ்தந்தைன் என்னும் தவறான பெயரே இச்சிலைக்குக் கவசமாயிற்று. 1538ஆம் ஆண்டில் அது கப்பித்தோல் குன்றுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இன்று மூலச்சிலை அங்குள்ள அரும்பொருட்சாலையில் இருக்க, முன்றிலில் அதன் பிரதியே நிற்கின்றது.

கேட்டதை எழுதும் முறைக்கு மாறாக, கண்டதை அளந்து எழுதும் முறை பதினாறாம் நூற்றாண்டிலே மேலோங்கியது. கட்டடக்கலை அறிஞராகிய பலாடியோ 1554ஆம் ஆண்டில் 'உரோமாபுரியின் தொல்பொருட்கள்' என்னும் சிறுநூலை வெளியிட்டார். பழைய மிராபிலியாவிற் பொய்கள் நிறைந்துள்ளன எனக் கண்டித்த அவர், இடிபாடுகளைத் தாமே அளந்தவர். வத்திக்கானிலுள்ள எகிப்தியக் கற்றூணின் உச்சியில் இருந்த வெண்கலக் கோளத்தினுள் யூலியஸ் சீசரின் சாம்பர் உளது என்பது இடைக்கால வழிகாட்டிகளின் கூற்று. 1586ஆம் ஆண்டில் ஐந்தாம் சிக்ஸ்துஸ் பாப்பரசரின் ஆணைப்படி தொமேனிக்கோ பொந்தானா அத்தூணைப் பெயர்த்து இன்றுள்ள இடத்தில் நிறுத்தினார். அப்போது அக்கோளத்தைச் சோதித்தபொழுது சாம்பர் எதுவும் காணப்படவில்லை. பல நூற்றாண்டு நம்பிக்கை ஒரு நாட் சோதனையால் முடிவுற்றது.

பதினெட்டாம் நூற்றாண்டிலே, செல்வர் வீட்டு இளைஞர் கல்வியின் நிறைவாக இத்தாலிக்குச் செல்லும் வழக்கம் பெருகிற்று. காலம் குறுகியவர்க்கு ஏற்ப நகரைப் பங்கிட்டுக் காட்டும் தேவை அதனால் எழுந்தது. செதுக்கோவியக் கலைஞரான யூசெப்பே வாசி 1763ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் உரோமாபுரியை எட்டு நாட்களுக்குரிய எட்டுப் பகுதிகளாக வகுத்தது. 1786ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆந் திகதி அந்நகரை அடைந்த யேர்மன் மகாகவி கேதேயும் வழிகாட்டி நூலின்றிச் செல்லவில்லை. வொல்க்மன் என்பவரின் நூல் அவர் கையில் இருந்தது. அதனோடு தாம் கண்டவற்றை ஒப்பிட்டுச் சிலவிடத்து உடன்பட்டும் சிலவிடத்து மறுத்தும் அவர் எழுதினார். வழிகாட்டி நூலைப் பயன்படுத்தும் முறைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பலும் புகையிரதமும் நடுத்தர வகுப்பினருக்கும் பயணத்தை எளிதாக்கின. சென்னையிற் கிழக்கிந்தியக் கம்பனியின் உத்தியோகத்தராயிருந்த ஒருவரின் மகளான மரியானா ஸ்ராக் என்னும் ஆங்கில மாது, இத்தாலியிற் பல ஆண்டுகள் வாழ்ந்த அனுபவத்தைக் கொண்டு வழிகாட்டி நூல்களை எழுதினார். உணவு, தங்குமிடம், சலவைக்கூலி ஆகியவற்றையும் அவர் விட்டுவிடவில்லை. சிறந்த ஓவியங்களின் பெயர்களுக்கு அருகே வியப்புக்குறிகளை இட்டு அவற்றைத் தரப்படுத்தினார். பின்னர் இலண்டனில் மறே 1836 முதல் கைந்நூல் வரிசையொன்றை வெளியிட்டார். யேர்மனியிற் காள் பெய்டெக்கர் 1827ஆம் ஆண்டில் நிறுவிய பதிப்பகம், சிவப்பு அட்டையிட்ட நூல்களால் உலகப்புகழ் பெற்றது. காணத்தக்க பொருட்களுக்கு நட்சத்திரக்குறி இடும் வழக்கத்தை நிலைநிறுத்தியதும் இப்பதிப்பகமே. வண்டிக்கூலியும், அரும்பொருட்சாலை திறக்கும் நேரமும், நுணுகிய வரைபடமும் அதில் இருந்தமையால், அயல் மொழி அறியாதவனும் பிறர் துணையின்றி நகரிற் சுற்றித்திரிய முடிந்தது.

இந்நூல்களின் பழைய பதிப்புக்கள் இன்று வழிகாட்ட உதவா. ஆனால் வரலாற்றுக்கு உதவும். கோடைகாலத்தையும் மாலைப் பனியையும் அஞ்சும்படி அவை பிரயாணிகளை எச்சரித்தன. தீய காற்றினால் மலேரியாச் சுரம் உண்டாகின்றது என்பது அக்கால நம்பிக்கை. 1897ஆம் ஆண்டில் செக்கந்தராபாத்தில் றொனால்ட் றொஸ் நுளம்பின் உடலிற் கிருமியைக் கண்டார். அடுத்த ஆண்டில் இத்தாலியிற் கிராசி முதலியோர், மனிதருக்கு அந்நோயைக் கொடுப்பது அனோபெலிஸ் நுளம்பே என நிறுவினர். பழைய எச்சரிக்கைகளை வாசிப்போர் ஒரு நகரின் அச்சத்தையும், ஒரு விஞ்ஞானத்தின் முன்னைய நிலையையும் ஒருங்கே அறிவர்.

நகரின் தோற்ற மாற்றத்தையும் அவை உரைக்கின்றன. இன்று வெனிசியாச் சதுக்கத்திலிருந்து கொலோசியம் வரை நேராகச் செல்லும் அகன்ற வீதி 1932ஆம் ஆண்டில் முசோலினியினாற் திறக்கப்பட்டது. அதற்காக நெருங்கிய குடியிருப்புக்கள் இடிக்கப்பட்டன. வேலியாக் குன்று வெட்டப்பட்டது. அங்கு வாழ்ந்த மக்கள் நகரின் புறத்தே குடியேற்றப்பட்டனர். அவ்வீதியில் நிற்போன் 1932க்கு முற்பட்ட வழிகாட்டி நூலின் வரைபடத்தை விரிப்பானாயின், தன் காலடியிலே மறைந்துபோன தெருக்களின் பெயர்களை வாசிக்கலாம். பேரரசின் பழம்பெருமையைக் காட்டுதற்கென வகுக்கப்பட்ட வீதி, அண்மைக்கால மக்களின் வாழ்வை மறைத்தது என்பதை அப்போது உணர்வான்.

புகழ்ச்சிப் பட்டியல் அழிவுப் பட்டியலாக மாறிய கொடுமையும் நிகழ்ந்தது. 1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆங்கில விமானங்கள் யேர்மனியின் பழைய நகராகிய லூபெக்கைக் குண்டுவீசி எரித்தன. அதற்குப் பழிவாங்க எக்செற்றர், பாத், நோர்விச், யோர்க், கன்ரபெரி ஆகிய நகர்களை யேர்மனியர் தாக்கினர். பெய்டெக்கர் நூலில் நட்சத்திரம் பெற்ற கட்டடங்கள் யாவும் தாக்கப்படும் என்னும் கருத்துப்பட யேர்மன் அரசுப் பேச்சாளர் ஒருவர் கூறினார். அதனால் அத்தாக்குதல்கள் 'பெய்டெக்கர் தாக்குதல்கள்' எனப் பெயர் பெற்றன. அவற்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குடிமக்கள் உயிரிழந்தனர். 1943ஆம் ஆண்டு டிசெம்பரில் லைப்சிக் நகரின்மீது வீழ்ந்த குண்டுகள் பெய்டெக்கர் பதிப்பகத்தையே அழித்தன. அழகைக் காண்க என இட்ட குறி அதனை அழிக்க எனவும் வாசிக்கப்படக்கூடும் என்பதை நூலாசிரியர் கனவிலும் நினைத்திரார்.

நட்சத்திரம் பெற்றவை இவ்வாறாக, பெறாதவற்றின் வரலாறும் நோக்கத்தக்கது. தைபர் ஆற்றங்கரையில் யூதர் வாழ்வதற்கென நான்காம் பவுல் பாப்பரசர் 1555ஆம் ஆண்டில் ஒரு சேரியை வகுத்தார். தேவாலயங்களையும் அரண்மனைகளையும் பக்கம் பக்கமாக விவரித்த நூல்கள் அச்சேரிக்கு அளித்த இடம் மிகச் சிறிது. 1943ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆந் திகதி, யேர்மன் படையினர் உரோமாபுரி யூதரைப் பிடித்து, அவருள் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை அவுஷ்விற்ஸ் முகாமுக்கு அனுப்பினர். மீண்டு வந்தோர் பதினாறு பேர் மட்டுமே. 2010ஆம் ஆண்டு முதல், அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டோர் வாழ்ந்த இல்லங்களின் வாயிலில், அவர்களின் பெயர் பொறித்த சிறிய பித்தளைத் தகடுகள் நடைபாதையிற் பதிக்கப்படுகின்றன. மேல்நோக்கிக் கோபுரங்களைக் காணுமாறு பயிற்றப்பட்ட பிரயாணி, அவற்றை வாசித்தற்குத் தலைகுனிதல் வேண்டும்.

ஆகவே, வழிகாட்டி நூலைக் கைக்கொள்வோர் அதனை மூன்று வினாக்களோடு வாசித்தல் நன்று. இந்நூல் எதனைக் காட்டுகின்றது? எதனைக் காட்டாது விடுகின்றது? எதனை ஆராயாமலே நம்புகின்றது? முதல் வினாவின் விடையால் நகரை அறியலாம். இரண்டாவதன் விடையால் நகரின் மறைந்த மக்களை அறியலாம். மூன்றாவதன் விடையால் எழுதியவனின் காலத்தை அறியலாம். எந்நகருக்கும் இம்முறை பொருந்தும். வரலாறு பயிலும் மாணவர், தூசி படிந்த பழைய வழிகாட்டி நூலொன்று கைக்கு எட்டுமாயின், பயனற்றதென்று அதனை ஒதுக்காது, இம்மூன்று வினாக்களையும் அதனிடத்தே கேட்பாராக.