செம்மண் மேட்டுக்கு விதை வந்த வழி

புதுச்சேரிக்கு வடக்கே கடலோரச் சாலையை விட்டு மேற்கே திரும்பி, குயிலாப்பாளையம் வழியாக மேட்டில் ஏறுகிறவருக்கு, இருமருங்கிலும் அடர்ந்து நிற்கும் மரங்களைக் கண்டதும், இது யாரும் நடாமல் ஆதிகாலந்தொட்டே இருந்துவரும் வனம் என்றுதான் தோன்றும். ஆனால் அப்பக்கத்து முதியவர்களோ, தம் பிள்ளைப்பிராயத்தில் இந்த மேட்டில் நின்றால் சமுத்திரம் கண்ணுக்குத் தெரியும் என்றும், இடையே நின்றவை சில பனைகளும் அங்கொன்றும் இங்கொன்றுமான வேம்புகளுமே என்றும் சொல்லுவார்கள். இரண்டும் ஒரே பூமிதான். இவ்விரு காட்சிகளுக்கும் இடையே கழிந்தது ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலமே.

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நீர் நிலத்தில் சுவறாமல் வழிந்தோடி, மேட்டை ஆழ்ந்த பள்ளங்களாக அறுத்துக்கொண்டு, செம்மண்ணைச் சுமந்து சென்று கடலோரத்தைச் சிவக்கச் செய்த அந்த நாட்களில், இவ்வவலத்துக்குக் காரணம் கேட்டால் ஜனங்கள் கடுவெளிச் சித்தரின் சாபத்தைச் சொன்னார்கள். ஞானசம்பந்தர் பாடிய இரும்பை மாகாளத்தில் தவமிருந்த அச்சித்தர், ஆடும்போது கழன்று விழுந்த நடனமாதின் சிலம்பை எடுத்து அவள் காலில் பூட்டினார் என்றும், கூடியிருந்தவர்கள் அதைக் கண்டு நகைத்தனர் என்றும், அவர் மனம் நொந்து சபிக்கவே லிங்கம் வெடித்துச் சுற்றுப்பிரதேசம் பாலையாயிற்று என்றும் அக்கதை கூறுகிறது. பிளவுபட்ட லிங்கம் செப்புத் தகட்டால் கட்டப்பட்டு இன்றும் பூஜை பெறுகிறது. சாபத்தின்மேல் பழியைப் போடுவது எளிது. ஆனால், நகரம் எழுவதற்கும், கப்பல் கட்டுவதற்கும், அடுப்பெரிப்பதற்குமாகத் தலைமுறை தலைமுறையாக மரம் வெட்டப்பட்டதும், சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டிலே பிரெஞ்சு தேசத்து எண்ணெய் ஆலைகளுக்குப் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மல்லாட்டை ஏற்றுமதி பெருகியபோது காடு திருத்திக் கொல்லையாக்கப்பட்டதும், எஞ்சிய புதரை ஆடுமாடுகள் தலைதூக்கவொட்டாமல் மேய்ந்ததும்தான் இந்த மேட்டை மொட்டையாக்கியவை என்பது என் துணிபு.

அப்படி அழிந்துபோனது எத்தகைய காடு என்பதைச் சற்று நிதானமாகச் சொல்லவேண்டும். விசாகப்பட்டினத்திலிருந்து இராமநாதபுரம் வரை கிழக்குக் கடற்கரையை ஒட்டி ஒரு குறுகிய நாடாப்போலக் கிடந்ததும், ஈழத்தின் உலர்ந்த பகுதிகளில் தன் உறவினங்களை உடையதுமான இக்காட்டை, உலர் பசுமைமாறாக் காடு என்று தாவர சாஸ்திரிகள் அழைக்கிறார்கள். சாம்பியன், சேத் என்ற வனவியல் அறிஞர்கள் இருவரும் 1968-இல் திருத்தி வெளியிட்ட இந்திய வனவகைப் பட்டியலிலும் இதற்குத் தனியிடம் உண்டு. ஆண்டில் பெரும்பகுதி வறட்சியும் மூன்று மாதத்தில் பெருமழையுமாக இருக்கும் இந்தச் சீதோஷ்ணத்தில், மரம் இலையுதிர்த்துத் தப்புவதே இயல்பாக எதிர்பார்க்கத்தக்கது. இவையோ தடித்துப் பளபளக்கும் சிற்றிலைகளைத் தாங்கி, சித்திரை வெயிலிலும் பச்சையாகவே நிற்கின்றன. உயரம் அதிகமில்லை, வளர்ச்சியும் வேகமில்லை. ஆனால் வைரம் பாய்ந்த கட்டை. திருமாலின் திருமேனி நிறத்துக்குப் புலவர்கள் உவமையாக்கிய காயாவும், இரும்புலியும், வீரையும், உலக்கைப்பாலையும், கருங்காலியும் இந்தக் காட்டைச் சேர்ந்தவை.

இவை முற்றும் அழியாமல் ஒளிந்திருந்த இடம் ஒன்று உண்டு. அது சர்க்காரின் காப்புக்காடு அன்று. ஊரெல்லையில் ஐயனாரும் சப்தகன்னியரும் வீற்றிருக்கும் கோயில் காடு. கீழ்ப்புத்துப்பட்டில் மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சூழ்ந்து நிற்கும் சோலையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லுவது விளங்கும்: வெட்டவெளியிலிருந்து நாலடி உள்ளே வைத்ததும் வெயில் தணிந்து, காலடியில் உதிர்ந்த இலைகள் மெத்தென்று அமிழ, கொடிகள் பின்னிக்கிடக்கும் அந்த நிழலில், ஒரு காலத்தில் இக்கடற்கரை முழுவதும் எப்படியிருந்தது என்பதற்கு ஜீவனுள்ள சாட்சி கிடைக்கிறது. சாமி காட்டில் சுள்ளி ஒடிக்கலாகாது என்ற கட்டுப்பாட்டை மூடநம்பிக்கை என்று நம்மில் படித்தவர்கள் நெடுநாள் ஒதுக்கிவந்தார்கள். வனச்சட்டம் எதுவும் தோன்றுவதற்கு முன்பே, சம்பளமும் சீருடையும் இல்லாத பூசாரிகளும் ஊர்மக்களும் நடத்திவந்த பாதுகாப்பு அது. பின்னால் வந்தவர்கள் செய்த அத்தனைக்கும் மூலதனம் இதுவே.

1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி, 124 நாடுகளின் மண்ணைச் சலவைக்கல் தாழியில் இட்டு, இந்த மேட்டில் தன்னந்தனியாக நின்ற ஓர் ஆலமரத்தின் அருகே ஆரோவில் நகரம் தொடங்கப்பெற்றது. பல தேசத்து இளைஞர்கள் நகரம் கட்டும் கனவோடு வந்தார்கள். ஆனால் நிழலில்லாத இடத்தில் குடியிருக்க முடியாது என்பதை முதல் கோடையே அவர்களுக்கு உணர்த்திவிட, வீட்டுக்கு முன்பாக மரம் என்பதே வேலையாயிற்று. கூலி கிடையாது, முன் அனுபவமும் கிடையாது. மழைநீரை மறிக்கச் சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போட்டார்கள்; மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்து கன்றுகளுக்கு வார்த்தார்கள்; ஆடு வராமல் முள் அடைத்தார்கள். ஆடு வளர்த்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அந்த முள்வேலி உவப்பாக இருந்திராது என்பதையும் இங்கே சொல்லாமல் விடுவது நியாயமன்று. தொண்டர்கள் நடத்தும் மரநடவு முயற்சி எதுவாயினும், அதன் தலைப்பாரம் குழி தோண்டுவதில் இல்லை; நட்ட கன்று மூன்று கோடைகளைத் தாண்டுமட்டும் தினந்தோறும் யார் வருவது என்பதிலும், பக்கத்துக் கொல்லைக்காரரோடு எப்படி மனம் கோணாமல் ஒத்துப்போவது என்பதிலுமே இருக்கிறது.

முதலில் அவர்கள் நட்டவற்றுள் பெரும்பங்கு பூர்வீக மரங்கள் அல்ல. கெட்டித்துப்போன செம்மண்ணிலும் விரைந்து வளர்ந்து நிழலும் சருகும் தரும் ஆஸ்திரேலிய அக்கேசியாவே அதிகம். இதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன்: எரியும் மண்ணுக்கு முதலில் ஒரு குடை வேண்டியிருந்தது, அந்தக் குடையின் கீழேதான் மெதுவாக வளரும் நம் மரங்களுக்குப் பிற்பாடு இடம் வாய்த்தது. அதுவுமன்றி, வீரைக் கன்றோ இரும்புலிக் கன்றோ வேண்டுமென்றால் விற்பனைக்கு வைத்திருக்கும் நாற்றங்கால் எதுவும் அந்நாளில் இல்லை.

1973-இல் ஆஸ்திரேலியரான ஜாஸ் புரூக்ஸ் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் வனத்தாரும், பிற வனங்களை வளர்த்தவர்களும், கோயில் காடுகளைத் தேடிச் சென்று விதை சேர்க்கத் தலைப்பட்டதுதான் இச்சரித்திரத்தின் திருப்பம். இது பார்வைக்கு அற்பமான வேலை. உண்மையில் மிகுந்த சிரத்தையைக் கேட்பது. எந்த மரம் எந்த மாதத்தில் பழுக்கும் என்று அறிந்திருக்கவேண்டும். பறவையும் அணிலும் முந்துவதற்குள் போய்ச் சேரவேண்டும். நாவலைப் போன்றவற்றின் விதை காய்ந்தால் முளைக்கும் சக்தியை இழந்துவிடுமாதலால், கொண்டுவந்த ஈரத்தோடே விதைத்தாகவேண்டும். இன்ன மரம், அதன் பெயர் இன்னது, அதன் பட்டை இன்ன நோய்க்கு ஆகும் என்ற அறிவோ, சுற்றுக் கிராமங்களின் நாட்டு வைத்தியர்களிடமும், விறகு பொறுக்கி வளர்ந்த மூதாட்டிகளிடமும்தான் இருந்தது. நாற்றங்கால்களில் பையில் மண் நிரப்பி, நாற்றுப் பிரித்து நட்டுத் தண்ணீர் தெளித்த கைகளும் பெரும்பாலும் அந்தக் கிராமத்துப் பெண்களின் கைகளே. வெளிநாட்டவர் வந்து பாலைவனத்தைச் சோலையாக்கினார்கள் என்று பத்திரிகைகள் எழுதும்போதெல்லாம், அந்தப் பெண்களின் பெயர் அதில் இல்லாதது என் மனத்தை உறுத்துகிறது. வந்தவர்களின் பிரயாசையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. விதையைக் காத்துத் தந்தவர்களுக்கும் அந்தப் புகழில் பங்கு உண்டு என்றே சொல்லுகிறேன்.

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், இவ்வனங்களுக்கு நேர்ந்த பெரும் பரீட்சை. அக்கேசியா மரங்கள் பெருமளவில் முறிந்தும் வேரோடு சாய்ந்தும் பாதைகளை அடைத்துக் கிடக்க, குட்டையாய்க் கெட்டியாய் வளர்ந்திருந்த பூர்வீக மரங்கள் அவற்றைக் காட்டிலும் நன்றாகவே தாக்குப்பிடித்தன. குடை கிழிந்த இடத்தில் வெயில் இறங்க, அடியில் காத்திருந்த கன்றுகள் மேலெழுந்தன. அதே 2011-இன் தொடக்கத்தில் சென்னையில் திறக்கப்பெற்ற அடையாறு பூங்காவைப் புதுப்பித்து அமைத்ததிலும் பிச்சாண்டிக்குளத்தார் கற்ற வித்தை பயன்பட்டது.

ஆனால் விதைக்கு ஆதாரமான கோயில் காடுகளின் நிலை வரவரக் கவலைக்கிடமாகிறது. மண் மேடையில் அமர்ந்திருந்த சாமிக்குச் சிமெண்டு மண்டபமும், வாகனங்கள் நிற்கத் திடலும் வேண்டும் என்று காட்டின் ஓரங்கள் திருத்தப்படுகின்றன. செய்பவர்கள் பக்தியோடுதான் செய்கிறார்கள். ஆகையால் ஊர்தோறும் திருப்பணிக் குழுவில் இருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்து மதில் எழுப்பத் தொடங்குமுன், ஊரிலே மூத்தவர் ஒருவரை அழைத்துக்கொண்டு உங்கள் ஐயனார் காட்டை ஒருமுறை சுற்றிவந்து, அங்கே நிற்கும் ஒவ்வொரு மரத்தின் பெயரையும், அது பழுக்கும் மாதத்தையும் கேட்டு எழுதிவையுங்கள், அந்த மாதம் வந்ததும் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி, பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் விதைக்கக் கொடுங்கள்.