பாம்புக் கற்றாழை

மேற்கு ஆப்பிரிக்காவின் வெப்பமண்டலத்தில், நைஜீரியா முதல் காங்கோ வரை, தானாக வளரும் செடி பாம்புக் கற்றாழை. இதன் தண்டு வெளியே தெரிவதில்லை. மண்ணுக்கடியில் ஓடும் தடித்த வேர்த்தண்டிலிருந்து விறைப்பான இலைகள் நேரே மேலெழுகின்றன. அடர்பச்சை இலையில் வெளிர்பச்சைப் பட்டைகள் குறுக்காக நெளிந்தோடுவதால் பாம்பின் பெயர் வந்தது. நர்சரிகளில் ‘ஸ்நேக் பிளான்ட்’ என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். வீட்டுத் தொட்டியில் இரண்டு, மூன்று அடி உயரம் வரும். வெளிச்சமும் இடமும் நன்றாக அமைந்தால் அதையும் தாண்டும்.

பெயரில் கற்றாழை இருந்தாலும் சோற்றுக் கற்றாழையின் நெருங்கிய உறவு அல்ல இது. சாற்றை முகத்தில் பூசுவதும் உள்ளுக்குக் குடிப்பதும் கூடாது. இலைகளில் சபோனின் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது.

ஆப்பிரிக்கச் செடிக்கு அறிவியல் பெயர் வாய்த்தது இந்தியாவில் வெளிவந்த ஆய்வின் வழியாக. கல்கத்தா அரச தாவரவியல் பூங்காவின் பொறுப்பில் இருந்த டேவிட் பிரெயின், வங்காளத் தாவரங்களைப் பற்றித் தாம் எழுதிய நூலில் 1903-இல் இதைச் சான்செவீரியா டிரைஃபேசியாட்டா என்று பதிவு செய்தார். நூறாண்டுக்கு மேல் அந்தப் பெயரே நிலைத்தது. மரபணு ஆய்வுகள் சான்செவீரியா இனம் முழுவதும் டிராசீனா இனத்துக்குள் அடங்குவதைக் காட்டியதால், 2017-இல் டிராசீனா டிரைஃபேசியாட்டா என்று பெயர் மாறியது. கடைக்காரர்களும் தோட்டக்காரர்களும் இன்னமும் பழைய பெயரையே சொல்கிறார்கள்.

இதன் நெருங்கிய உறவு ஒன்று தமிழகத்தின் மண்ணிலேயே உண்டு. கிழக்குக் கடற்கரையை ஒட்டிய வறண்ட புதர்க்காடுகளில் வளரும் மருள்தான் அது. இலையைத் தட்டிச் சீவினால் வெண்மையான, வலுவான நார் கிடைக்கும். வில்லுக்கு நாண் திரிக்க அந்த நார் பயன்பட்டிருக்கிறது. அழகுச்செடி வாங்கக் காசு கொடுக்கும் பலர், வேலியோரத்து மருளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்பது வருத்தமான செய்தி.

பாம்புக் கற்றாழையை வளர்க்க விரும்புகிறவர் முதலில் அறிய வேண்டியது அது மூச்சு விடும் விதம். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்கின்றன. அப்போது நீரும் ஆவியாகிப் போகிறது. இந்தச் செடி பகல் வெயிலில் துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறக்கிறது. இரவில் உள்ளே வந்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் சேமித்து வைத்து, விடிந்ததும் வெளிச்சத்தைக் கொண்டு சர்க்கரை தயாரிக்கிறது. அதனால் நீர்ச்செலவு மிகக் குறைவு. போதாததற்கு, சதைப்பற்றான இலையிலும் வேர்த்தண்டிலும் தண்ணீர் இருப்பு வேறு. தினமும் ஒரு குவளை ஊற்றினால் செடியால் குடித்து முடிக்க முடியாது. ஈரம் மண்ணிலேயே தேங்கும், காற்று போகாமல் வேர் அழுகும்.

வீடுகளில் இந்தச் செடி சாவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அடியிலை மஞ்சளாகி, குருத்தைத் தொட்டால் கொழகொழவென்று இருந்து, மண்ணிலிருந்து நாற்றமும் எழுந்தால் அழுகல் வேர்த்தண்டை எட்டிவிட்டது என்று பொருள். அப்போது செடியை வெளியே எடுத்து, கறுத்த பகுதிகளைச் சுத்தமான கத்தியால் வெட்டி நீக்கி, இரண்டு நாள் நிழலில் உலரவிட்டுப் புதிய மண்ணில் நட்டால் பிழைக்க வாய்ப்புண்டு. இலை சுருங்கி நீளவாக்கில் மடிந்தால் மட்டுமே தாகம். தாராளமாக ஒருமுறை ஊற்றினால் சில நாளில் நிமிர்ந்துவிடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்றுவது? நாள் கணக்கைவிட விரல் கணக்கு நம்பகமானது. விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரமே இல்லாதபோது அடித்துளை வழியே வடியும்வரை ஊற்ற வேண்டும். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். கோடையில் வீட்டுக்குள் இருக்கும் தொட்டிக்கு ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மாதத்துக்கு ஒருமுறைகூட அதிகமாகலாம். மொட்டைமாடியில் வைத்திருப்பவர்கள் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே தொட்டிகளைக் கூரைக்கு அடியில் நகர்த்திவிடுவது நல்லது. இலைகளின் நடுக்குருத்தில் நீர் நின்றாலும் அழுகும் என்பதால் மண்ணில் மட்டும் ஊற்ற வேண்டும்.

மண் சீக்கிரம் வடிய வேண்டும். செம்மண், ஆற்று மணல், மண்புழு உரம் மூன்றையும் கலந்து, மணலைச் சற்றுத் தாராளமாகச் சேர்த்தால் போதும். தென்னை நார்க்கழிவை மட்டும் நிரப்பி விற்கப்படும் தொட்டிகளில் ஈரம் நெடுநாள் தங்குகிறது; வாங்கிய கையோடு மண் மாற்றிவிடலாம். மண்தொட்டி சிறந்தது. நெரிசலாக வளர்வது இந்தச் செடிக்குப் பிடிக்கும் என்பதால் பெரிய தொட்டி தேவையில்லை, ஆனால் பருத்த வேர்த்தண்டு பிளாஸ்டிக் தொட்டியின் பக்கத்தைப் பிளந்துகொண்டு வெளிவருவதும் உண்டு.

இருண்ட மூலையிலும் இது உயிர் தாங்கும். தாங்குவது வேறு, வளர்வது வேறு. சன்னலருகே நேர்வெயில் படாத நல்ல வெளிச்சத்தில் பட்டைகள் தெளிவாக இருக்கும், புதிய இலைகளும் வரும். நிழலில் இருந்த செடியைத் திடீரென உச்சி வெயிலில் வைத்தால் இலை வெந்து வெளுக்கும். குளிர் 10 பாகைக்குக் கீழே போகும் மலையூர்களில் இரவில் உள்ளே வைக்க வேண்டும். இலைக்கக்கத்தில் வெள்ளைப் பஞ்சுபோல் மாவுப்பூச்சி ஒட்டினால் வேப்பெண்ணெய்க் கரைசலில் நனைத்த துணியால் துடைத்தெடுக்கலாம்.

இனப்பெருக்கத்தில்தான் இந்தச் செடியின் சுவையான இரகசியம் இருக்கிறது. ஓர் இலையை நான்கு விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, இரண்டு மூன்று நாள் உலர்த்தி மணலில் நட்டால், சில வாரங்களில் வேரும் பிறகு பொறுமையைச் சோதிக்கும் காலத்துக்குப் பின் கன்றும் வரும். இலையில் கீழ்ப்புறமாக இருந்த முனையே மண்ணுக்குள் போக வேண்டும். தலைகீழாக நட்டால் வேர் பிடிக்காது. மஞ்சள் விளிம்புள்ள லாரன்டி வகையில் இந்த முறை ஏமாற்றும். அதன் இலையில் விளிம்புத் திசுவும் நடுத்திசுவும் வெவ்வேறு மரபமைப்பு கொண்டவை. இலைத்துண்டிலிருந்து கன்று உருவாவது பச்சைத் திசுவிலிருந்து என்பதால், பிறக்கும் செடியில் மஞ்சள் விளிம்பே இருக்காது. விளிம்பு வேண்டுமென்றால் பக்கக்கன்றை வேர்த்தண்டோடு பிரித்து நடுவதுதான் வழி. ரோஜாப்பூ அடுக்கில் குட்டையாக வளரும் ஹானி வகை, 1939-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் ஒரு நர்சரியில் கண்டெடுக்கப்பட்டு 1941-இல் காப்புரிமை பெற்றது.

காற்றைச் சுத்தம் செய்யும் செடி என்ற புகழுக்கு வேர், நாசாவுக்காக பி.சி. வால்வர்ட்டன் 1989-இல் வெளியிட்ட ஆய்வு. பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுக்களை மூடிய சிறு பெட்டிக்குள் செலுத்தி, செடிகள் அவற்றைக் குறைப்பதை அவர் காட்டினார். வீடு மூடிய பெட்டி அல்ல. பிலடெல்பியாவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய சோதனைகளைத் தொகுத்து 2019-இல் கணக்கிட்டபோது, கட்டடத்தின் இயல்பான காற்றோட்டத்துக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வரை தேவை என்று தெரிந்தது. சன்னலைத் திறப்பது எளிது. இரவில் ஆக்சிஜன் தருகிறது என்ற பேச்சும் அப்படியே: இரவில் இது கார்பன் டை ஆக்சைடை உள்ளிழுக்கிறது, ஆனால் ஆக்சிஜன் வெளிவர வெளிச்சம் வேண்டும்.

நாய், பூனை உள்ள வீட்டில் தொட்டியை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். இலையைக் கடித்தால் எச்சில் வழிதல், வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். கழித்த வேர்த்தண்டுகளைக் காலிமனையில் வீசுவதும் தவறு. துண்டு விழுந்த இடத்திலேயே துளிர்க்கும் இச்செடி, தோட்டக்கழிவின் வழியே ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் களையாகப் பரவியிருக்கிறது.