பெயருக்குப் பின்னால் சில எழுத்துகள்

லிங்க்ட்இன் பக்கங்களில் சிலர் பெயருக்குப் பின்னால் சி.ஆர்.எம்., ஐ.ஜி.பி., சி.ஐ.பி. என்று எழுத்துகள் வரிசைகட்டி நிற்கும். நிறுவனத்தின் தகவல்களில் எதை எவ்வளவு காலம் வைத்திருப்பது, யாருக்குக் காட்டுவது, எப்போது அழிப்பது என்று முடிவெடுக்கத் தெரிந்தவர் என்பதற்கான சான்று அது. இந்த வழக்கத்தின் பூர்வீகத்தைத் தேடிப்போனால், திவாலானவர்களின் கணக்கு வழக்குகளைத் தீர்த்துவைத்த எடின்பரோ கணக்கர்களிடம் போய் நிற்போம்.

ஸ்காட்லாந்தின் திவால் சட்டத்தை மாற்ற லண்டன் வணிகர்கள் முயன்றார்கள். பிழைப்பில் மண் விழுமே என்று பயந்த கணக்கர்கள் சங்கம் சேர்ந்து, 1854இல் அரச சாசனம் வாங்கினார்கள். 'சி.ஏ.' பிறந்தது. விலைபோகும் சரக்குக்குப் போட்டி வராமல் இருக்குமா? கார்ப்பரேஷன் ஆஃப் அக்கவுண்டன்ட்ஸ் என்ற புதிய அமைப்பினரும் அதே எழுத்துகளைப் போட்டுக்கொள்ள, விவகாரம் நீதிமன்றம் ஏறி, 1893இல் தடை விழுந்தது. இதற்கிடையே பிரிட்டிஷ் முதலீடுகளைத் தணிக்கை செய்ய அமெரிக்கா போனவர்கள் வழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். 1896இல் நியூயார்க் மாநிலம் 'சி.பி.ஏ.'வுக்குச் சட்டமே போட்டது.

ஆவண மேலாளர்களின் முறை வர இரண்டாம் உலகப் போர் வேண்டியிருந்தது. போர் குவித்த காகிதத்தில் வாஷிங்டன் திணறியது. 1950இல் கூட்டாட்சி ஆவணச் சட்டம் வந்தது. 1975இல் அமைந்த ஒரு கழகம் சி.ஆர்.எம். பட்டத்தைத் தொடங்கியது. தேர்வு ஆறு பாகம். ஐந்து பாகங்களைக் கொள்குறி வினாக்களில் கடந்துவிடலாம். ஆறாவதில் அலுவலகச் சிக்கலைக் கையில் கொடுத்து, தீர்வை எழுதச் சொல்வார்கள். மனப்பாடப் புலிகள் பதுங்கும் இடம் அது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2001இல் மோசடி விசாரணையில் சிக்கிய அமெரிக்காவின் என்ரான் நிறுவனத்தின் ஆவணங்களை டன் கணக்கில் கிழித்துப்போட்டது அதன் தணிக்கை நிறுவனமான ஆர்தர் ஆண்டர்சன். அதாவது, பட்டம் பெற்ற கணக்கர்களின் கூடாரம்! விசாரணையைத் தடுக்க ஆவணம் அழித்தால் 20 ஆண்டு வரை சிறை என்றது 2002ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம். கிடங்கு வேலையாகக் கருதப்பட்ட ஆவணப் பராமரிப்பு, இயக்குநர் குழுவின் கவலையாகிவிட்டது.

1943இல் மைக்ரோஃபிலிம்காரர்களின் சங்கமாகத் தொடங்கிய ஏ.ஐ.ஐ.எம்., 2011இல் சி.ஐ.பி. பட்டத்தைக் கொண்டுவந்தது. 2015இல் அதை நிறுத்தப்போவதாக அறிவிக்க, பட்டம் வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். முடிவு விரைவிலேயே வாபஸ்.

இந்தியாவில் 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு குறிப்பிடும் முக்கிய நிறுவனங்கள் தரவுப் பாதுகாப்பு அலுவலரை நியமிக்கச் சொல்கிறது. அவருக்கு என்ன சான்றிதழ் வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில் பயிற்சி வணிகம் கடைவிரிக்கும். பாடம் நடத்துபவரே தேர்வும் வைத்துப் பட்டமும் கொடுத்தால், கட்டணம் கட்ட நான் யோசிப்பேன்.