ஹம்மாமும் வேதுப் பானையும்

வீட்டிலேயே வியர்வைக் குளியலுக்கென ஓர் அறை கட்டிக்கொள்ளலாமா என்னும் கேள்வி இப்போது நம் குடும்பங்களிலும் எழுகிறது. வெளிநாடுகளில் பணியாற்றித் திரும்புவோருள் சிலர், அங்கே கண்ட சவுனாவைத் தம் புது வீட்டிலும் அமைக்க விரும்புகின்றனர். பங்குனி, சித்திரையில் தகிக்கும் திண்டுக்கல் சமவெளியில் வெப்பத்துக்கென்று தனி அறையா என்று கேட்போரும் உண்டு. ஆயினும், வெப்பத்தால் உடலைத் தூய்மை செய்யும் வழக்கம் நமக்குப் புதியதன்று. இஸ்லாமிய உலகில் அதற்கு நெடிய வரலாறு உண்டு. தமிழ் வீடுகளில் அதற்கெனத் தனிப் பெயரே உண்டு. செங்கல் அடுக்கும் முன் அவ்வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நலம்.

ஹம்மாமும் அதன் ஒழுங்கும்

ரோமானியரிடமிருந்து வெந்நீர்க் குளியல் மாடங்களைப் பெற்ற முஸ்லிம் நகரங்கள், அவற்றைத் தம் வாழ்வுக்கேற்ப மாற்றி அமைத்துக்கொண்டன. அதுவே ஹம்மாம். குளிர்ந்த கூடம், இளஞ்சூட்டு அறை, கடுஞ்சூட்டு அறை என மூன்று படிகளாக அது அமைந்தது. அடுப்பின் அனல் தரைக்கு அடியிலுள்ள வழிகளில் பரவிக் கல்லைச் சூடாக்கும். குவிமாடத்தில் பதித்த கண்ணாடித் துளைகள் வழியே ஒளி இறங்கும். டமாஸ்கஸ், கெய்ரோ, பக்தாத் முதலிய நகரங்களில் பள்ளிவாசலும் கடைத்தெருவும் போல ஹம்மாமும் ஊரின் ஓர் உறுப்பாயிற்று. பல ஹம்மாம்களின் வாடகை வக்ஃபாக எழுதிவைக்கப்பட்டு, பள்ளிவாசல்களையும் மதரஸாக்களையும் தாங்கியது.

ஆயினும் மார்க்கம் அந்தக் கட்டடத்தைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டுவிடவில்லை. பூமி முழுவதும் தொழுமிடம் என்று அறிவித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அடக்கத்தலத்தையும் ஹம்மாமையும் அதிலிருந்து விலக்கினார்கள் என்று அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் காண்கிறோம். இடுப்புத் துணியின்றி ஹம்மாமுக்குள் நுழையலாகாது என்பதும் ஹதீஸில் வந்துள்ளது. பொதுக் குளியல் மாடங்களுக்குப் பெண்கள் செல்வதைத் தடுக்கும் ஓர் அறிவிப்பு, நோயுற்றவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் மட்டும் விலக்கு அளிக்கிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டென ஹதீஸ் அறிஞர்கள் குறிப்பிடுகின்றனர். எனினும், வெப்பக் குளியல் யாருக்கு மிகுதியும் தேவைப்படும் என்பதை அக்காலத்தார் எவ்வாறு எண்ணினர் என்பதற்கு அது ஒரு சான்று.

1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில், தூய்மை பற்றிய பகுதியிலேயே ஹம்மாமின் ஒழுங்குகளை வகுத்துரைத்தார்கள். குளியல்காரருக்குரிய கூலியை உள்ளே செல்லுமுன்பே கொடுத்துவிட வேண்டும். தேவைக்கு மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அவ்வெப்பத்தைக் கண்டு நரகின் வெப்பத்தை நினைவுகூர வேண்டும். உழைப்பவனின் உரிமை, நீரின் சிக்கனம், மறுமையின் நினைவு ஆகிய மூன்றும் ஒரே குளியலறைக்குள் இடம்பெற்றுவிட்டன.

இவ்வொழுங்கு ஏட்டோடு நின்றுவிடவில்லை. பயணி இப்னு பதூதா எகிப்தின் மின்யா நகர ஹம்மாமில் ஆண்கள் மறைப்பின்றிக் குளிப்பதைக் கண்டு மனம் பொறாது, நேரே ஆளுநரிடம் சென்று முறையிட்டார். ஹம்மாம்களைக் குத்தகைக்கு எடுத்தவர்களை அழைத்த ஆளுநர், துணியின்றி எவரையும் உள்ளே விட்டால் தண்டனை என்று எழுதி வாங்கினார். பக்தாதிலோ குளிப்பவர் ஒவ்வொருவருக்கும் மூன்று துணிகள் தரப்பட்டதை இப்னு பதூதா மகிழ்வோடு பதிவு செய்கிறார்: உள்ளே செல்லும்போது உடுத்த ஒன்று, வெளியேறும்போது உடுத்த ஒன்று, ஈரம் துவட்ட ஒன்று.

அதே இப்னு பதூதா 1340-களில், திண்டுக்கல்லுக்குத் தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் உள்ள மதுரைக்கும் வந்தார். அப்போது அங்கே கொள்ளைநோய் பரவியிருந்தது. காய்ச்சலில் விழுந்த அவரைக் காப்பாற்றியது இம்மண்ணில் மலிந்து கிடந்த புளி. ஒரு ராத்தல் அளவு புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, மூன்று நாள் வயிறு இளகி, அல்லாஹ்வின் அருளால் நலம்பெற்றதாக எழுதியிருக்கிறார். எந்த ஊருக்குச் சென்றாலும் அவ்வூரின் பொருளைக் கொண்டே நலம் தேடுவது பழைய வழக்கம்.

வெப்ப நாட்டில் வெப்ப அறை

வெயில் நாட்டில் ஹம்மாம் எதற்கு என்னும் கேள்விக்கு, முகலாயப் பேரரசர் பாபர் தம் நினைவுக் குறிப்பில் விடை தந்துள்ளார். 1526-இல் ஆக்ராவை அடைந்த அவரை இந்நாட்டின் வெப்பமும் காற்றும் புழுதியும் வாட்டின. இம்மூன்றிலிருந்தும் ஒருங்கே தப்புவதற்கு ஹம்மாமே வழி என்கிறார் அவர். கல்லால் அமைந்த அந்த அறையில் புழுதியும் காற்றும் நுழையா. கோடையில் அது குளிரும் அளவுக்குத் தண்மை தரும். பின்னாளில் டில்லி செங்கோட்டையிலும் ஹம்மாம் அரண்மனையின் இன்றியமையாத பகுதியாயிற்று. தக்காணத்தில் பீதர் கோட்டையின் அரச ஹம்மாம் பிற்காலத்தில் அருங்காட்சியகமாயிற்று.

திண்டுக்கல் கோட்டையின் கதை வேறு. 1605-இல் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் எழுப்பிய அக்கோட்டை, அரண்மனை இன்பத்துக்காக அன்று, முற்றுகையைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டது. 1755-இல் மைசூர் அரசின் சார்பில் ஐதர் அலி இதன் பௌஜ்தாராகப் பொறுப்பேற்றார். அவருடைய தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலமும் பள்ளிவாசலும் இருக்கும் பகுதியே இன்றைய பேகம்பூர் என்பது ஊர் வரலாறு. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. இத்தனை கைமாறல்களின் போதும் மொட்டைப் பாறையின் மேலிருந்த படைவீரர்களுக்கு உயிர்நாடியாயிருந்தது, பாறைச் சுனைகளில் தேங்கும் மழைநீரே. ஊருக்குள் ஓடும் பேராறு இல்லாத திண்டுக்கல்லில், நீரை அளந்து செலவிடுவது அன்றே தொடங்கிய பழக்கம்.

அப்பழக்கம் நம் காலத்தில் தளர்ந்தபோது என்ன நேர்ந்தது என்பதையும் நாம் அறிவோம். தோல் பதனிடும் தொழிலில் நம் சமுதாயத்தவர் பலர் ஈடுபட்டிருந்தனர். அத்தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது. ஆனால் உப்பிட்ட தோலைக் கழுவிய நீர் நிலத்தில் இறங்கியதால், சுற்றுவட்டாரக் கிணறுகள் உவர்த்தன. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்குரிய விலையைத் தர வேண்டும் என்னும் கொள்கையை வலியுறுத்திய அத்தீர்ப்பு, ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. அவ்வைந்தில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. இவ்வூரில் தண்ணீர் தொடர்பான எதைக் கட்டினாலும் இந்நினைவோடு கட்டுவதே முறை.

துணிக் கூடாரத்தில் ஒரு குளியல்

ஹம்மாமைக் கல் மாடத்திலிருந்து பிரித்தெடுத்த ஒருவரை இங்கே குறிப்பிட வேண்டும். 1759-இல் பாட்னாவில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த தீன் முகமது, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றிப் பின் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் குடியேறினார். அங்கே ஜேன் டேலி என்பவரை மணந்து ஆங்கிலிக்கச் சபையில் சேர்ந்தார். 1810-இல் லண்டனில் அவர் தொடங்கிய இந்திய உணவகம் நொடித்துப்போயிற்று. மனந்தளராமல் பிரைட்டன் கடற்கரை நகருக்குச் சென்று, 1814-இல் மூலிகை ஆவிக் குளியலைத் தொடங்கினார். ஆவியில் வியர்த்தவரை ஃபிளானல் துணியால் ஆன கூடாரத்துக்குள் அமர்த்துவார். வெளியே நிற்பவர், அக்கூடாரத்தில் தைத்த கைகள் வழியே தம் கையை மட்டும் உள்ளே செலுத்தி உடலைப் பிடித்துவிடுவார். பெண்கள் பிரிவை மனைவி ஜேன் கவனித்துக்கொண்டார். இங்கிலாந்தின் அரசர்கள் நான்காம் ஜார்ஜும் நான்காம் வில்லியமும் அவரைத் தம் குளியல் மருத்துவராக நியமித்தனர். உடலைப் பிடித்துவிடுதலைக் குறித்த இந்திச் சொல்லிலிருந்தே ஷாம்பூ என்னும் சொல் ஆங்கிலத்துக்குச் சென்றது.

தீன் முகமதின் கூடாரம் நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. வியர்வைக் குளியலுக்குப் பளிங்குத் தரையும் குவிமாடமும் தேவையில்லை. ஆவி, துணி, மறைப்பு ஆகிய மூன்றும் போதும். அம்மூன்றும் நம் வீடுகளில் முன்பே இருந்தன.

நம் வீட்டு வேது

சித்த மருத்துவத்தின் புற மருத்துவ முறைகள் முப்பத்திரண்டனுள் ஒன்று வேது. பானை நீரில் நொச்சி, வேம்பு, தைல மரத் தழைகளையும் சிறிது மஞ்சளையும் இட்டுக் கொதிக்கவைப்பர். நோயாளியைக் கயிற்றுக் கட்டிலிலோ முக்காலியிலோ அமர்த்தி, தரை வரை தொங்கும்படி கம்பளியால் மூடி, அடியில் பானையை வைத்து மூடியைச் சிறிது சிறிதாக நீக்குவர். சளியும் உடல்வலியும் கண்டவர்களுக்கும் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும் நம் பாட்டிமார் செய்தது இதுவே. மலையாள நாட்டில் பிள்ளை பெற்றவர்க்கான குளியலுக்கே வேதுகுளி என்று பெயர். மேலே குறித்த அறிவிப்பு விலக்களித்த அதே இருவகையினர்க்கு, பொது மாடம் எதுவுமின்றி, வீட்டுக்குள்ளேயே மறைவாகவும் செலவின்றியும் அந்நலம் கிடைத்தது.

அதன் நீர்க் கணக்கையும் பார்ப்போம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்தார்கள், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளித்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ள செய்தி. நான்கு முத்து கொண்டது ஒரு ஸாஉ. அது ஏறத்தாழ 3 லிட்டர். ஒரு வேதுப் பானை கொள்ளும் நீரும் ஏறத்தாழ அவ்வளவே.

அறைதான் வேண்டுமென்றால்

இத்தனைக்குப் பின்னும் நிலையான ஓர் அறை கட்ட விரும்புவோர் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். ஹம்மாமும் சவுனாவும் ஒன்றல்ல. ஹம்மாமில் சூடு 45 பாகை அளவே இருக்கும். ஆனால் காற்று முழுவதும் ஈரமாயிருப்பதால் வியர்வை உலராது, உடல் விரைவில் சூடேறும். ஃபின்லாந்தின் சவுனாவில் சூடு 80 பாகையைத் தாண்டும். காற்று வறண்டிருப்பதால் வியர்வை உடனுக்குடன் ஆவியாகி உடலைக் காக்கும். சூடான கற்களின் மேல் அவ்வப்போது ஓர் அகப்பை நீர் தெளிப்பதோடு சரி. நீர்ச் செலவு அதில் மிகக் குறைவு. ஃபின்லாந்தின் சவுனாப் பண்பாட்டை 2020-இல் யுனெஸ்கோ மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்நாட்டிலும் ஒரு காலத்தில் பெண்கள் பிள்ளை பெற்றது சவுனா அறையில்தான்.

சவுனாவில் நீருக்குப் பதில் மின்சாரம் செலவாகிறது. ஒரு கன மீட்டர் இடத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோவாட் என்பது பொதுக் கணக்கு. இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரமுள்ள சிற்றறைக்கு 6 கிலோவாட் அடுப்பு வேண்டும். அது குளியலறை வெந்நீர்க் கருவிகள் மூன்றுக்குச் சமம். மும்முனை இணைப்பும் தேர்ந்த மின்பணியாளரும் இன்றி அதில் கைவைக்கலாகாது. சுவருக்கும் மரப் பலகைக்கும் நடுவே வெப்பம் காக்கும் ராக்வூலும் அதன்மேல் அலுமினியத் தாளும் வேண்டும். அடுப்பருகே தாழ்வாகக் காற்று நுழைய ஒரு வழியும், எதிர்ப்புறம் அது வெளியேற ஒரு வழியும் விட வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், உள்தாழ்ப்பாள் கூடவே கூடாது. மூடிய அறைக்குள் கரியடுப்பு வைப்பது உயிரைப் பறிக்கும்.

வேதுவானாலும் சவுனாவானாலும் பத்து, பதினைந்து நிமிடங்களே போதும். இதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேளாமல் இறங்கலாகாது. கொதிபானை அருகே குழந்தைகளை விடலாகாது. ரமலான் பகலில் ஆவி பிடிப்பது நோன்பைப் பாதிக்கும் என ஆலிம்கள் உரைப்பதால், அதை இரவுக்கு வைத்துக்கொள்வதே பேணுதல். எவ்வளவு வியர்த்தாலும் அது கடமையான குளிப்பாகாது. உடல் முழுவதும் நீர் பட்டாக வேண்டும்.

ஆயிரமாண்டுகளாக ஹம்மாமின் உருவம் மாறிக்கொண்டே வந்துள்ளது. கல் மாடம் துணிக் கூடாரமாயிற்று; தமிழ் வீட்டில் அதற்குப் பானையும் கம்பளியுமே போதுமாயிருந்தன. மாறாதவை அதன் நிபந்தனைகள்: மறைப்பு, சிக்கனம், பிறர்க்குத் தீங்கின்மை. வசதி உள்ளவர் இவற்றைப் பேணி அறை கட்டுவதில் குற்றமில்லை. வசதி இல்லாதவர்க்குக் குறைவும் இல்லை. கொல்லையில் ஒரு நொச்சிச் செடியை நட்டுவைத்தால், அவர் வீட்டு ஹம்மாமுக்கு அதுவே அடிக்கல். தூய்மையையும் உடல்நலத்தையும், வீண்விரயமற்ற வாழ்வையும் வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.